நேற்று குடித்தாரா, நேற்று அடித்தாரா

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஒரு படிவத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது வந்து மாட்டிக்கொண்டது.

படிவத்தைக் கொண்டுவந்தவள் ஹஃபீஸா. நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். அவளுடைய அத்தா சேக் இஸ்மாயில் கீழவாசல் பக்கம் தையல் மெஷின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். யோசிக்கும்போது துப்பட்டா நுனியிலிருந்து நூல் உருவுகிற பழக்கம் ஹஃபீஸாவுக்கு உண்டு. அவளிடம் இருக்கிற எல்லாத் துப்பட்டாவும் ஒரு மூலையில் பிரிந்துதான் இருக்கும்.

ஆய்வு இதுதான். கணவன் குடிக்கிற நாற்பது வீடுகள். தொண்ணூறு நாள். தினமும் காலை ஏழரைக்குக் கணவனுக்கு ஒரு போன், பத்து மணிக்கு மனைவிக்கு ஒரு போன். இருவரிடமும் ஒரே ஆறு கேள்விகள். முதல் கேள்வி: நேற்று குடித்தாரா? ஐந்தாவது கேள்வி: நேற்று தள்ளினாரா, அறைந்தாரா, அடித்தாரா? ஆறாவது: வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா? ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. கேள்விகளைத் தமிழாக்குவதும், ஆறாவது கேள்விக்கு வரும் பதில்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. பதில்கள் பெயரில்லாமல் எண்களோடு வரும்.

'பார்ட்னர்' என்ற சொல்லிலேயே முட்டிக்கொண்டு நின்றேன். 'துணைவர்' என்று எழுதினேன்.

"அக்கா, துணைவர்னா துணைவேந்தரான்னு கேப்பாங்க" என்றாள் ஹஃபீஸா.

'உங்கள் வீட்டுக்காரர்' என்று மாற்றினேன்.

"வாடகைக்கு இருக்கவங்க ஹவுஸ் ஓனரைச் சொல்லிருவாங்களே!"

அரை மணி நேரம் சிரித்துவிட்டு 'வீட்டுக்காரர்' என்றே விட்டுவிட்டோம். சோதனைக்கு என் கணவர் தவசியை உட்கார வைத்தோம். உங்கள் மனைவியைத் தள்ளியிருக்கிறீர்களா என்று கேட்டதும், "போன மாசம் பெரியார் பஸ் ஸ்டாண்டுல. பஸ் கெளம்பிருச்சு. தள்ளலைன்னா இவ ஏறியிருக்க மாட்டா" என்றார். ஹஃபீஸா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் அதைக் குறித்துக்கொண்டாள்.

இவ்வளவு கலகலப்பாகத் தொடங்கிய வேலை. அதனால்தான் சொல்கிறேன், நான் தயாராக இல்லை.

2

தொடக்கங்கள். எழுதியவை, விட்டவை.

பெனடிக்ட் தள்ளாடியபடி வீட்டுக்குள் நுழைந்தபோது

(இல்லை. இப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே பாட்டிலின் தலையில் பழியைப் போட்டுவிடுவேன். இந்தக் கதையில் அது நடக்கக் கூடாது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.)

அடுப்படியில் ஆன்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு

(இதுவும் இல்லை. ஆன்சியை நான் பார்த்திருக்கிறேன். அவள் ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் கிளார்க். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருகிற அப்பாக்களை நிற்க வைத்துப் பதில் வாங்குகிறவள். அவளை அடுப்படியில் வைத்து அறிமுகப்படுத்த எனக்கு மனமில்லை.)

வைகையில் தண்ணீர் வராத ஒரு

(வைகைக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை.)

சரி, எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு அவர்கள் முதலில் வெறும் எண்ணாகத்தான் வந்தார்கள். முப்பத்தொன்று.

3

முப்பத்தொன்றாம் வீடு அவனியாபுரத்தில். பெனடிக்ட் அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். அவன் கடைந்த இரும்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அளக்காமலே வண்டியில் பொருத்திவிடலாம் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்களாம். சாயங்காலம் கை கழுவினதும் கூட்டாளிகளோடு கடைக்குப் போவான். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். பிள்ளையில்லை. (அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று ஆன்சி கேட்டுக்கொண்டாள். எழுதவில்லை.)

ஆய்வில் சேருகிறீர்களா என்று கேட்டபோது, "கேள்வி கேட்டாப் பதில் சொல்லப்போறேன், அதுல என்ன இருக்கு?" என்றானாம் பெனடிக்ட்.

அப்படியேதான் சொன்னான். ஆறாம் நாள் காலையில் அவன் சொன்னது இது: "குடிச்சேன். ரெண்டு குவார்ட்டர். சண்டை, ஆமா. தள்ளினேன், ஒரு தடவை. செவத்துல முட்டுச்சு. தோள்பட்டை. வலது." இரும்பை அளந்து சொல்வதுபோல.

அதே நாள் பத்து மணிக்கு ஆன்சி சொன்னது: "குடிச்சாரு மேடம். சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. தள்ளல. அடிக்கல."

ஒன்பதாம் நாளும் அப்படி. பதினான்காம் நாளும் அப்படி. அவன் ஆமாம் என்கிறான், அவள் இல்லை என்கிறாள்.

* ஹஃபீஸா இதற்கு நேரெதிராக நடக்கும் என்றுதான் எதிர்பார்த்திருந்தாள். மனைவி சொல்லுவாள், கணவன் மறைப்பான். மற்ற வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. இந்த ஒரு வீட்டில் மட்டும் தாள் தலைகீழாக நின்றது.

ஒவ்வொரு போனின் முடிவிலும் பெண்களுக்கு உதவி எண்ணை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ஹஃபீஸா வாசிப்பாள். "எழுதி வச்சிருக்கேன் மேடம்" என்பாள் ஆன்சி, பள்ளி அலுவலகக் குரலில். ஆய்வுக்கென்று இருந்த ஆலோசகர் லாசர், எல்லாப் பெண்களையும் ஒரு நாள் தனித்தனியாகப் பார்க்கக் கூப்பிடுவதுபோல் அவளையும் கூப்பிட்டார். பள்ளியில் தணிக்கை நடக்கிறது என்று சொல்லி அவள் வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஹஃபீஸா மாடிப்படியில் உட்கார்ந்து நூல் உருவிக்கொண்டிருந்தாள்.

"'எனக்குத் தெரியும்மா'ன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிரலாம் போல இருக்குக்கா. சொல்லக் கூடாது. சொன்னா, இவரு உண்மையைச் சொன்னாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும். அதுக்கு வீட்டுல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதுல்ல?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்துபோய் இரண்டு பேருக்கும் டீ போட்டேன்.

4

இந்த இடத்தில் எனக்கு ஆன்சி மேல் சந்தேகம் வந்தது. மனுஷி மேல் அல்ல, நான் எழுதிக்கொண்டிருந்த பாத்திரத்தின் மேல். ஏன் இல்லை என்கிறாள்?

முதல் வரைவில் வெட்கம் என்று எழுதினேன். மாதா கோயிலில் நாலு பேர் கேட்பார்களே என்கிற வெட்கம். வாசித்தபோது அது என் வெட்கமாக இருந்தது. இரண்டாம் வரைவில் பயம் என்று எழுதினேன். ஆனால் ஹஃபீஸா, "அந்தக் குரல்ல பயம் இல்லக்கா, ஒரு பிடிவாதம்தான் இருந்துச்சு" என்றாள். மூன்றாம் வரைவில் அவளைப் பேசவே விடாமல் ஒன்றரைப் பக்கம் நானே பேசினேன். அதைக் கிழித்தது நல்ல காரியம்.

காரணத்தை ஆன்சியே பின்னால் சொன்னாள். அதற்குரிய இடம் இன்னும் வரவில்லை. ஆனால் உங்களைக் காக்க வைத்து வேடிக்கை பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் இங்கேயே தருகிறேன்:

"நீங்க என்ன கேட்டிருந்தீங்க? 'உங்க வீட்டுக்காரர் அடிச்சாரா'ன்னு. அடிச்சது அவரு இல்லையேக்கா. குடிதான அடிச்சுச்சு? குடிக்காதப்ப அவரு சத்தம் போட்டுக்கூடப் பேச மாட்டாரு. அதனால இல்லைன்னேன். நான் பொய் சொல்லல."

என் கேள்விக்கு அவள் அட்சரம் பிசகாமல் பதில் சொல்லியிருக்கிறாள். 'வீட்டுக்காரர்' என்று எழுதியது நான்.

5

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று பெனடிக்ட் குடியை நிறுத்தினான். நாற்பது நாள் தவக்காலம் முடியும் மட்டும் தொடுவதில்லை என்று பங்குச் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. ஹஃபீஸாவிடம்தான் முதலில் சொன்னான். "இன்னைல இருந்து முதல் கேள்விக்கு இல்லைன்னு போட்டுக்கங்க மேடம்."

அதற்கப்புறம் வந்த நாட்களை எழுதத்தான் எனக்கு ஆசை. ஆறாவது கேள்விக்கு ஒரு மாதமாக 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவந்த ஆன்சி பேசத் தொடங்கினாள்.

"நேத்து அவரே ஃபேனைக் கழட்டித் தொடைச்சு மாட்டுனாரு மேடம்."

"அயிரை மீன் வாங்கிட்டு வந்தாரு. அம்புட்டையும் அவரே ஆஞ்சு கழுவுனாரு."

"நேத்து ரெண்டு பேரும் ஏர்போர்ட் ரோட்டுல சும்மா நடந்தோம். எதுக்குன்னு கேக்காதீங்க. சும்மாதான்."

இவற்றை ஆங்கிலத்தில் மாற்றும்போது நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். 'சும்மாதான்' என்பதை எப்படி மாற்றுவதென்று தெரியாமல் அப்படியே விட்டேன். நாற்பது வீடுகளுக்கும் ஒரே மாதிரி போன் செய்கிற ஹஃபீஸா, முப்பத்தொன்றின் தாளை மட்டும் மாடியிலிருந்து கையில் எடுத்துவந்து எனக்கு வாசித்துக் காட்டினாள்.

(இங்கே முடித்திருந்தால் இது நல்ல கதையாகியிருக்கும். பத்திரிகைக்காரர்கள் படம் வரைந்து போட்டிருப்பார்கள். ஒரு வரைவில் முடிக்கவும் பார்த்தேன். 'அந்தப் பாதையில் இருவரும்' என்பதோடு பேனா நின்றுவிட்டது.)

குடியை நிறுத்திய பதினெட்டாம் நாள், சனிக்கிழமை. பட்டறை சீக்கிரம் முடிந்து ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்தான் பெனடிக்ட். ஆன்சி கோச்சடையில் இருக்கிற தன் அக்கா டயானாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக. "பதினெட்டு நாளாச்சுக்கா. தொடவே இல்ல. நம்பவே முடியல." வாசலில் நின்றவன் காதில் அது விழுந்தது. செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்தான்.

"என் கதைய ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறியா?"

போன் காதில் இருக்கும்போதே அறைந்தான். இடது காது. போன் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. 'ஆன்சி, ஆன்சி' என்று டயானாவின் குரல் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு, ஆய்வின் ஐம்பத்திரண்டாம் நாள். ஏழரை மணி.

"நேற்று குடித்தீர்களா?"

"இல்ல."

"நேற்று சண்டை வந்ததா?"

"ஆமா."

"தள்ளினீர்களா, அறைந்தீர்களா, அடித்தீர்களா?"



"அறைஞ்சேன். ஒண்ணு." அப்புறம், "மேடம், முதல் கேள்விக்கு இல்லைன்னா அஞ்சாவதுக்கும் இல்லைன்னுதானே வரணும்?"

ஹஃபீஸா ஆறாவது கேள்வியைக் கேட்டாள். கேள்வி கேட்பதற்குத்தான் அவளுக்குப் பயிற்சி தந்திருந்தார்கள்.

பத்து மணி. ஆன்சி பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றிருந்தாள். போனை வலது காதில் வைத்திருந்தாள்.

"நேற்று உங்கள் வீட்டுக்காரர் குடித்தாரா?"

"இல்ல மேடம்."

"நேற்று உங்களைத் தள்ளினாரா, அறைந்தாரா, அடித்தாரா?"

"ஆமா."

ஐம்பத்தோரு நாளில் வராத சொல்.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"அவருதான் அடிச்சாரு" என்றாள் ஆன்சி. "அவருதான் மேடம்."

6

கோயில் வாசலிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. கையில் மணிபர்ஸ், உடம்பில் பூசைக்கு உடுத்திய சேலை, அவ்வளவுதான். ஷேர் ஆட்டோவில் ஏறிப் பெரியார் வந்து, அங்கிருந்து கோச்சடை பஸ் பிடித்தாள். இடது பக்கம் உட்கார்ந்திருந்த ஒருத்தி எதையோ கேட்டாளாம். இவளுக்குக் கேட்கவே இல்லை.

டயானா பள்ளிக்கூட டீச்சர். தங்கையைவிட ஆறு வயது மூத்தவள், குரலும் அதற்கேற்றாற்போல். கதவைத் திறந்ததும் திட்டப்போகிறாள் என்றுதான் ஆன்சி நினைத்தாள்.

"எம்புட்டு நாளா?" என்று கேட்டாள் டயானா.

"ரெண்டு மூணு வருஷமா."

டயானா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "என்கிட்டச் சொல்லாததுக்கு உன்னை நல்லாத் திட்டணும். இன்னைக்கு இல்ல. மொதல்ல சாப்பிடு. அப்புறம் ஆஸ்பத்திரி."

காதுச் சவ்வில் ஓட்டை. தானாகவே மூடிவிடும், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். ஒரு மாதம் டயானா தங்கைக்குத் தலை குளிப்பாட்டிவிட்டாள், காதில் பஞ்சை அடைத்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டு. 'பத்து வயசுல கடைசியா எனக்கு இப்படிக் குளிப்பாட்டினா' என்று சொல்லும்போது ஆன்சி முகத்தில் வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தது.

ஏழு நாள் பிரிந்திருந்தால் அந்த வீடு ஆய்விலிருந்து வெளியே போய்விடும் என்பது விதி. எட்டாம் நாள் காலை பெனடிக்டே ஹஃபீஸாவைக் கூப்பிட்டான்.

"என்னை மட்டும் கூப்பிடுங்க மேடம். நான் சொல்லிருவேன்."

முடியாது என்றாள். லாசர் நடத்துகிற ஆண்களுக்கான வியாழக்கிழமைக் கூட்டத்தின் முகவரியைக் கொடுத்தாள். அன்று மாடிப்படியில் அவள் அழுதாள்.

"ஏழரை மணிக்கு என் நம்பர் வரும்னு போனைக் கையில வச்சுக்கிட்டு உட்காந்திருப்பாருல்லக்கா?"

"இருக்கட்டும்" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன்.

"நானும் அதைத்தான் சொல்லிக்கிறேன். ஆனாலும் எனக்கு அழுகை வருதே?"

துப்பட்டா நுனியை வாங்கி அதாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். இந்தக் கதையில் எனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும் என்று நீங்கள் கேட்டால், பதில் இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது.

(பெனடிக்டை நான் என்ன செய்வது? அவனை வெறுத்து எழுதினால் வேலை சுலபம். அவன் வாயால் சொன்ன பதில்களே அதற்குக் குறுக்கே நிற்கின்றன. அந்தப் பதில்களுக்காக அவனை மன்னித்து எழுதினால் ஆன்சியின் காது குறுக்கே நிற்கிறது. அவனை அப்படியே வைத்துவிட்டு நகர்கிறேன்.)

7

ஆகஸ்டில், ஆய்வில் கலந்துகொண்ட பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து, கிடைத்த முடிவுகளைச் சொன்னார்கள். குடித்த நாட்களில் அடி அதிகம் என்று ஹஃபீஸா படம் போட்டுக் காட்டினாள். குடிக்காத நாட்களிலும் அடி இருந்தது என்று அடுத்த படத்தைக் காட்டினாள். வடையும் டீயும் வந்தபோது, நீல நிறப் பருத்திச் சேலையில் ஒரு பெண் எழுந்தாள்.

"இந்தக் கேள்விகளைத் தமிழ்ல எழுதினது யாரு?"

கடைசி வரிசையில் வாயில் வடையோடு கையைத் தூக்கினேன். என் பக்கத்தில் வந்து, வலது காது என் பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"உங்க பேரு?"

"தமிழ்வாணி."

"தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்க கேள்வி வரிசை சரியில்ல."

நான் வடையை விழுங்கினேன்.

"மொதல்ல குடிச்சாரான்னு கேக்குறீங்க. அப்புறம் அடிச்சாரான்னு கேக்குறீங்க. நாங்க ஆமான்னு சொல்றதுக்கு முன்னாடியே காரணத்தைக் கையில குடுத்துர்றீங்க. அடிச்சாரான்னு மொதல்ல கேளுங்க. அதுக்குப் பதில் வந்தப்புறம், வேணும்னா குடியைப் பத்திக் கேளுங்க."

இந்தப் படிவத்துக்காக இரண்டு வருஷம் நூலகத்தில் உட்கார்ந்திருந்த ஹஃபீஸா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து எங்கள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். நெறியாளரோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். அடுத்த நாற்பது வீடுகளுக்குப் போகிற புதிய படிவத்தில் ஐந்தாவது கேள்வி முதல் கேள்வி.

அன்றைக்குத்தான் ஆன்சி எல்லாவற்றையும் சொன்னாள். எழுதலாமா என்று கேட்டேன். பெயர், பள்ளி எதுவும் வராது என்றேன்.

"பேரு நானே வச்சுக்கிறேன். ஆன்சி. என் பெஞ்சுல உட்காந்த பிள்ளை. என்னைவிட அழகு." கிளம்பும்போது, "அவருக்கும் நல்ல பேரா ஒண்ணு வைங்க" என்றாள்.

* அவனிடமும் லாசர் வழியாகக் கேட்டேன். ஒரு துண்டுத் தாள் வந்தது: 'என் பதிலை எழுதலாம். திருத்த வேண்டாம்.' திருத்தவில்லை.

8

இனி முடிவு. என்னிடம் இருப்பவை:

ஆன்சி திரும்பிப் போகிறாள். (எழுதினேன். எழுதும்போது என் காது வலித்தது.)

ஆன்சி திரும்பிப் போகவே இல்லை. (இதையும் எழுதினேன். இது எனக்குப் பிடித்த முடிவு. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதே இதில் எனக்குச் சந்தேகம். அவளுடைய வாழ்க்கையை என் திருப்திக்காக எழுதுவதாக இருக்கிறது.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். பெனடிக்ட் ஏழு மாதமாக வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போகிறான். குடிக்கவில்லை. ஆன்சி கோச்சடையிலிருந்துதான் வேலைக்குப் போகிறாள். போன மாதம் அவன் லாசர் வழியாக, ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டனுப்பினான். அவள் இரண்டு வாரம் யோசித்துச் சரி என்றாள். ஞாயிறு பகல் பதினோரு மணி, கோயில் வளாகத்து வேப்பமரத்தடி. பத்தடி தள்ளி டயானா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவள்போல.

ஆன்சி அவனிடம் ஒன்றுதான் கேட்டாள். "அன்னைக்கு நீங்க குடிக்கல. அப்புறம் ஏன் அடிச்சீங்க?"

தெரியவில்லை என்றான் முதலில். அவள் காத்திருந்தாள்.

"அடிச்சாலும் நீ இருப்பன்னு தெரியும்" என்றான். "அதான் அடிச்சேன். குடிச்சப்பவும் அதான். குடிச்சா அதைச் சொல்லாம இருந்துக்கலாம், அம்புட்டுதான்."

இதை ஆன்சி என்னிடம் போனில் சொல்லிவிட்டு, "உண்மையைச் சொல்லிட்டாருக்கா" என்றாள். அந்தக் குரலில் நிம்மதி இருந்ததா, கோபம் இருந்ததா, இரண்டும் இருந்ததா? உங்களுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சு, 'வாரேன்'னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே யாரும் போகும்போது போறேன் என்று சொல்ல மாட்டார்கள். நாளைக்கு வருகிறவரும் வாரேன் என்பார், இனி இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவரும் வாரேன் என்பார். மொழிபெயர்ப்பாளராக இத்தனை வருஷம் தாக்குப்பிடித்த நான், அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

"எந்த வாரேன், ஆன்சி?"

அவள் சிரித்தாள். நன்றாக, வாய்விட்டு.

"அவரும் அதைத்தான்க்கா கேட்டாரு."